மாமாவின் காரும் நனைந்த தானியமும்



என் தாய்மாமா விட்டுச் சென்ற பொருள்களின் பட்டியலை அவருடைய மகன் எழுதியபோது, அதன் கடைசி வரியாக வந்தது ஒரு கார். வீடு, வங்கிக் கணக்கு, ஊரில் ஒரு தோட்டம், உம்ராவுக்கென எடுத்து வைத்திருந்த சிறு தொகை என்று எல்லாவற்றுக்கும் பிறகு, “பழைய மாஸ்டா கார், கூரை கிழிந்தது” என்று ஒரு வரி. மற்றவற்றைப் பங்கிடுவதில் குடும்பத்தாருக்குப் பெரிய சிரமம் எதுவும் ஏற்படவில்லை. மாதக்கணக்கில் எங்களைச் சிந்திக்க வைத்தது அந்தக் கடைசி வரிதான்.

மாமா காயல்பட்டினத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 40 ஆண்டுகள் வாழ்ந்தவர். மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்து, இரு பெண்களுக்கும் நிகாஹ் முடித்து, கடன்களையெல்லாம் அடைத்த பிறகே தமக்கென்று ஆசைப்பட்டு ஒரு பொருளை வாங்கினார். அது 1995-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5. துணிக் கூரையைப் பின்னால் மடித்து வைத்துவிட்டு, திறந்தபடி ஓட்டக்கூடிய சிறிய கார். இருக்கைகள் இரண்டே இரண்டு. “ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு இருக்கையா?” என்று பள்ளிவாசலில் நண்பர்கள் கேலி செய்தபோது, “மூன்று பேர் பறந்து போய்விட்டார்கள், மிச்சம் இரண்டு பேர்தானே” என்பார்.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எம்ஜி, லோட்டஸ் போன்ற நிறுவனங்கள் 1960-களில் இங்கிலாந்தில் செய்த திறந்த கார்களின் நினைவில், ஜப்பானின் ஹிரோஷிமா நகரத்து நிறுவனமான மாஸ்டா உருவாக்கிய வண்டி அது. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. இரண்டு இருக்கைத் திறந்த கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது என்ற கின்னஸ் பதிவு அதற்கு உண்டு. 2016-இல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. ஆங்கிலேயர்களின் பழைய கார்கள் மழைக்கு ஒழுகுவதற்குப் பேர் போனவை. இதன் கூரையோ ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு கையால் மூடிவிடத் தக்கது. நன்றாக இருக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. நன்றாக இருக்கும்வரை என்பதுதான் செய்தி.

மழை பெய்யத் தொடங்கினால் எல்லாரும் கூரையை மூடுவார்கள். மாமா சில வேளைகளில் திறப்பார். நபி (ஸல்) அவர்கள் மழை பெய்தபோது தங்கள் ஆடையைச் சற்று விலக்கி, மழைத்துளி மேனியில் படும்படி நின்றார்கள் என்றும், அது தன் இறைவனிடமிருந்து இப்போதுதான் வந்தது என்று காரணம் சொன்னார்கள் என்றும் அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. அந்த ஹதீஸைச் செயல்படுத்த இதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை என்பது மாமாவின் வாதம். மாமி முகத்திரையைச் சரிசெய்தபடி பக்கத்தில் அமர்ந்து, “இருக்கை நனைகிறது” என்று மட்டும் சொல்வார். மார்க்க அறிஞர்கள் இந்த வாதத்தை எந்த அளவுக்கு ஏற்பார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அவர் ஒரு ஜனவரி மாதத்தில் வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்கி ஒளி பெறச் செய்வானாக.

மீராஸ் பற்றி நம் வீடுகளில் பலருக்கும் ஒரு பொதுவான எண்ணம் உண்டு: நிலமும் வீடும் நகையும்தான் பங்கிட வேண்டியவை, மற்ற சாமான்கள் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களுக்கு என்று. அப்படியன்று. மைய்யித்தின் அடக்கச் செலவு, பிறகு கடன்கள், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத். இவை போக எஞ்சிய ஒவ்வொரு பொருளும், ஒரு கைக்கடிகாரம் உட்பட, எல்லா வாரிசுகளுக்கும் கூட்டுச் சொத்து. மாமாவின் பெற்றோர் முன்பே மறைந்துவிட்டதால், மாமிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதி, ஒரு மகனும் இரு மகள்களும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். காரை 32 பங்காகப் பிரித்தால் மாமிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. கார் நின்றது மகனின் வீட்டுக் கொட்டகையில். ஆனால் அதன் ஒவ்வொரு திருகாணியிலும் கோலாலம்பூரில் இருந்த மூத்த மகளுக்கும் சென்னையில் இருந்த இளைய மகளுக்கும் ஹக் இருந்தது. அதைத் தொட வேண்டுமானால், செப்பனிடுவதற்காகவே தொட்டாலும், அவர்களுடைய சம்மதம் தேவை.

மச்சான் இருவரையும் தொலைபேசியில் அழைத்தார். மூத்தவர், “இருக்கிறபடியே விற்றுவிடு” என்றார். இளையவர், “வாப்பாவின் கார் கிழிந்த கூரையோடு போக வேண்டாம்” என்றார். கிழிந்த கூரையோடு விற்றால் பாதி விலைகூடக் கிடைக்காது என்பதும் உண்மை. மச்சான் தம் கையிலிருந்து செலவு செய்வது, விற்ற பணத்திலிருந்து அதை முதலில் எடுத்துக்கொள்வது, கூலி எதுவும் கேட்பதில்லை என்று முடிவாயிற்று. நால்வரும் ஒப்புக்கொண்டதை அவர் ஒரு தாளில் எழுதி வைத்தார். உடன்பிறந்தவர்களுக்குள் எதற்கு எழுத்து என்று சிலருக்குத் தோன்றலாம். உடன்பிறந்தவர்களுக்குள்தான் எழுத்து அவசியம் என்பது என் கருத்து.

மாமி இத்தாவில் இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் கழிந்த பிறகு, ஜூன் மாதத்தில் வேலையைத் தொடங்கினோம். கோடைக்காகக் காத்திருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்கு அந்தக் கூரை எதனால் ஆனது என்பது தெரிய வேண்டும்.

இத்தகைய கார்களில் இருவகைக் கூரைகள் உண்டு. ஒன்று வினைல், நம் ஊரில் பேருந்து இருக்கைக்குப் போடும் ரெக்சினின் இனம். துணியின் மேல் பிவிசி பூசியது. பிவிசி தன்னளவில் விறைப்பான பொருள். தண்ணீர்க் குழாய் அதனால்தான் ஆகிறது. அதை மென்மையாக்கச் சில எண்ணெய் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். வெயிலும் ஆண்டுகளும் அந்த மென்மையைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்துவிடுகின்றன. பிறகு கூரை சுருங்குகிறது, மடிப்புகளில் வெடிக்கிறது. இன்னொரு வகையை மொஹேர் என்பார்கள். அங்கோரா ஆட்டின் மயிருக்கு வழங்கும் பெயர் அது. இன்றைய கூரையில் ஆட்டின் மயிர் கிடையாது. மேலே அக்ரிலிக் நெசவு, நடுவே ரப்பர், உள்ளே ஒரு துணி என்று மூன்று அடுக்கு. விலை அதிகம், ஆயுளும் அதிகம். மாமாவின் கார் வினைல் கூரையோடு வந்தது. குளிரில் வினைல் விறைத்துவிடும். இழுத்துப் பொருத்த முடியாது. வெயிலில் ஒரு மணி நேரம் விரித்துப் போட்டால் பிடிவாதம் விட்டுவிடும். ஜூனுக்குக் காத்திருந்தது அதற்காக.

பின்பக்கக் கண்ணாடியும் கண்ணாடியன்று. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். அதைச் சுற்றி ஒரு ஜிப். கூரையை மடிக்கும் முன் அந்த ஜிப்பைத் திறந்து தாளைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே மடித்தால் தாளில் வரி விழும், குளிர்காலமானால் உடைந்தே போகும். மாமா ஒவ்வொரு முறையும் இறங்கிச் சென்று ஜிப்பைத் திறந்தவர். ஆகவே தாள் வெயிலில் மஞ்சளித்திருந்ததே தவிர, ஒரு கீறல் இல்லை.

கிழிசல் இருந்தது ஓட்டுநர் பக்கத்தில், கதவுக் கண்ணாடிக்குப் பின்னால், மடக்கும்போது இரும்புச் சட்டம் துணியைக் கவ்வும் இடத்தில். ஒரு சாண் நீளம். மாமி அதை முதலில் பார்த்தபோது, “தைத்துவிடலாமே” என்றார். அவர் சொன்னதில் சிக்கனம் மட்டும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தங்கள் செருப்பைத் தாங்களே தைத்துக்கொள்வார்கள், ஆடையைத் தாங்களே செப்பனிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்த காலத்தில், தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் போட்ட ஆடையில் அவர்களைக் கண்டதாக அனஸ் (ரலி) சொன்ன செய்தி முவத்தாவில் இருக்கிறது. ஒட்டுப்போடுவது வறுமையின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே எப்போது வந்தது என்று தெரியவில்லை. அந்தத் தலைமுறையிடம் அது இல்லை.

மாமியிடம் வளைந்த குஷன் ஊசி ஒன்று இருந்தது. கிழிசலின் ஓரத்தில் இரண்டு அங்குலம் தைத்துப் பார்த்தார். ஊசி நுழைந்த ஒவ்வொரு துளையிலிருந்தும் மயிரிழை அளவு வெடிப்பு ஒன்று கிளம்பியது. நூலை இறுக்கியபோது இரண்டு துளைகளுக்கு நடுவே இருந்த வினைல் நெடுக்காகப் பிளந்தது. அவர் ஊசியை எடுத்துத் தாளில் குத்தி வைத்துவிட்டு, “இது நூல் கேட்கவில்லை வாப்பா, இதற்கு உயிர் போய்விட்டது” என்றார். விரயத்தைப் பற்றி எவ்வளவோ உரைகள் கேட்டிருக்கிறேன். எதைச் செப்பனிடுவது, எதை மாற்றுவது என்பதற்கு இவ்வளவு தெளிவான அளவுகோலை வேறு எங்கும் கேட்டதில்லை. தையல் விட்டிருந்தால் தைக்கலாம். ஜிப் பழுதானால் ஜிப்பை மட்டும் மாற்றலாம். பிளாஸ்டிக் தாள் மங்கினால் அதைத் தனியாகவே வாங்கிப் பொருத்தலாம். துணியே இற்றுப்போன பின் ஒட்டுப்போடுவது சிக்கனம் ஆகாது; ஒட்டின் பசையும் உழைப்பும் சேர்ந்து வீணாகும்.

வினைல் கூரையே வாங்கினோம். மொஹேர் போட்டால் கார் அழகாகும். ஆனால் செலவு எல்லா வாரிசுகளின் பணத்திலிருந்தும் போகிறது, அழகு நம் கண்ணுக்கு மட்டும் என்று மச்சான் மறுத்துவிட்டார்.

கூரையைக் கழற்றுவது பொருத்துவதைவிடக் கடினமான வேலை. முன்பக்கம், காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் மேல் விளிம்பில் வந்து கவ்வும் சட்டத்தில் துணி ரிவெட்டுகளால் அறையப்பட்டிருக்கும். அவற்றைத் துளையிட்டு எடுக்க வேண்டும். பின்பக்கம், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மேடையில், துணியின் அடி விளிம்பை மூன்று உலோகப் பட்டைகள் அழுத்திப் பிடித்திருக்கும். அவற்றை இறுக்குவது 10 மில்லிமீட்டர் நட்டுகள். முப்பது ஆண்டுத் துருவில் அவை ஒவ்வொன்றும் தனித்தனியாக வழக்காடும். முதல் சனிக்கிழமை லுஹருக்குத் தொடங்கி மக்ரிப் வரை கழற்றினோம்; இங்கிலாந்தின் ஜூன் மாதத்தில் அது எவ்வளவு நேரம் என்பது அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும்.

துணியை எடுத்த பிறகுதான் அந்த வண்டியின் உண்மையான அமைப்பு தெரிந்தது. துணியின் அடி விளிம்போடு சேர்ந்து, பின்னால் நெடுக ஒரு பிளாஸ்டிக் ஓடை ஓடுகிறது. கூரையில் விழும் மழைநீர் வழிந்து அந்த ஓடைக்கு வரும். ஓடை அதை இருபக்கமும் கொண்டுபோய், இருக்கைப் பட்டை பொருத்தியிருக்கும் தூணுக்குப் பின்னால் உள்ள இரண்டு துளைகளில் விடும். அங்கிருந்து குழாய் வழியே இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், வண்டிக்கு அடியில் தரையில் விழும். மழை காருக்குள்ளேயே பயணம் செய்து வெளியேறுகிறது என்று சொன்னால் தவறில்லை. நம் ஊர் பழைய வீடுகளில் முற்றத்து நீர் நடைக்கு அடியில் ஓடித் தெருவுக்குப் போகுமே, அதே ஏற்பாடு. அந்த வடிகால் அடைத்தால் என்னவாகும் என்பதும் அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஓட்டுநர் பக்கத்து வடிகால் அடைத்திருந்தது. ஊசியிலைகள், மண், பாசி. நெகிழ்வான கம்பியை மெதுவாக விட்டு எடுத்தோம். விறைப்பான கம்பியால் குத்தினால் அடியில் உள்ள குழாய் கிழிந்துவிடும். பிளாஸ்டிக் ஓடையும் ஓரிடத்தில் பிளந்திருந்தது. இருக்கையைக் கழற்றி, தரையில் ஒட்டியிருந்த கம்பளத்தைத் தூக்கினோம். மேலே தொட்டால் உலர்ந்திருந்தது. அடியில் இருந்த பஞ்சு மெத்தையைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது.

கிழிந்த கூரைதான் ஒழுகுகிறது என்று எல்லாரும் எண்ணியிருந்தோம். கிழிசல் வழியே வந்தது கொஞ்சம். பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தது வடிகால் வழியே. அது தரைக்கு மட்டும் போகவில்லை. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை, இரண்டு தகடுகளைச் சேர்த்துச் செய்த ஒரு மூடிய இரும்புப் பெட்டி ஓடுகிறது. ஆங்கிலத்தில் அதைச் சில் என்பார்கள். கூரை இல்லாத வண்டி வளையாமல் நிற்பதற்குப் பெரும்பகுதி ஆதாரம் அந்தப் பெட்டிதான். அடைத்த வடிகாலின் நீர் அதற்குள் இறங்கித் தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே வண்ணம் பளபளக்கும். ஓட்டுநர் பக்கத்தில் பின்சக்கரத்துக்கு முன்னால் மச்சான் திருப்புளியின் பிடியால் தட்டினார். இரும்பின் ஓசை வரவில்லை. அட்டையைத் தட்டியது போல் இருந்தது.

பயணிப் பக்கத்திலும் கம்பளத்தைத் தூக்கினோம். உலர்ந்திருந்தது. தட்டியபோது இரும்பு இரும்பாகவே ஒலித்தது.

அடுத்த வாரம் புதுக் கூரையைப் பொருத்தினோம். ஓடையையும் மாற்றினோம். வெயிலில் தளர்ந்த வினைலை இருவரும் இரு பக்கமும் இழுத்துப் பிடிக்க, முன் சட்டத்தில் ரிவெட் அடித்து, மழை அடிப்பது போல் கால் மணி நேரம் குழாயில் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தோம். உள்ளே ஒரு துளி இல்லை. இரண்டு வடிகால்களிலிருந்தும் தண்ணீர் தரையில் கொட்டியது. கார் புதியது போல் இருந்தது. அங்கேதான் எங்கள் சிக்கல் தொடங்கியது.

புதுக் கூரை போட்ட பழைய கார், வாங்க வருபவரிடம் ஒரு செய்தியைத் தானாகவே சொல்கிறது: இதை ஒருவர் அக்கறையாகப் பராமரித்திருக்கிறார் என்று. அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மை இன்னோர் உண்மையை மறைக்கிறது. கிழிந்த கூரையோடு விற்றிருந்தால், வாங்குபவர் தாமே கம்பளத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார். எங்கள் உழைப்பு அவருடைய எச்சரிக்கையைத் தூங்க வைத்துவிட்டது.

மூத்த மகளின் கணவர் கோலாலம்பூரிலிருந்து பேசினார். நல்ல மனிதர், கணக்காளர். இங்கிலாந்துச் சட்டத்தை அவர் சரியாகவே எடுத்துச் சொன்னார். ஒரு தனிநபர் தம் காரை விற்கும்போது, அதைப் பற்றிச் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது. கேட்காத குறையைத் தாமாக எடுத்துச் சொல்லும் கட்டாயம் பொதுவாக இல்லை. பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. வண்டிக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனைச் சான்றும் அக்டோபர் வரை இருந்தது. “பார்த்தபடி விற்பனை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இதில் நான்கு பேருடைய பணம் இருக்கிறது, நம் பேணுதலுக்காக அவர்களுடைய ஹக்கைக் குறைக்க நமக்கு உரிமை உண்டா?” என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி எளிதில் தள்ளத் தக்கதன்று. இளைய மகளின் நிலைமை அப்போது நெருக்கமாக இருந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

நம்மில் பலருக்கும் தெரிந்த ஹதீஸ்தான். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஓர் உணவுக் குவியலைக் கடந்து சென்றபோது, அதற்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வியாபாரியைக் கேட்டார்கள். மழை நனைத்துவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்ற பொருளில் கண்டித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவித்து முஸ்லிமில் பதிவான இச்செய்தியைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். எங்கள் கொட்டகையில் அது வேறு மாதிரிக் கேட்டது. அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை. கேட்டவுடன் உண்மையைச் சொன்னார். அவர் மழையை வரவழைக்கவும் இல்லை. உலர்ந்தது மேலே இருந்தது, நனைந்தது அடியில் இருந்தது, அவ்வளவுதான். பார்த்தபடி விற்பனை என்று அவரும் சொல்லியிருக்கலாம். இன்னொன்று: முஸ்லிம்கள் பார்க்கும்படி என்று அங்கே சொல்லப்படவில்லை. மக்கள் பார்க்கும்படி என்றே சொல்லப்பட்டது. விளம்பரத்தைப் பார்த்து வரப்போகிறவர் யார், என்ன மார்க்கத்தவர் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு விற்பதைப் பற்றி ஃபிக்ஹில் விரிவான பேச்சு உண்டு. ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனைக்கு இடம் தாராளம். நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் மிகவும் குறுகல். இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வழக்கு ஒன்று முவத்தாவில் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர் அவனுக்கு நோய் இருந்ததாக முறையிட்டு, வழக்கு உஸ்மான் (ரலி) அவர்களிடம் போனது. விற்றபோது அந்த நோய் தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யும்படி தீர்ப்பாயிற்று. இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அவன் குணமாகி 1500 திர்ஹத்துக்கு விற்கப்பட்டான். அவ்வளவு பெரிய ஸஹாபியிடமே கேட்கப்பட்ட கேள்வி, உனக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான். எங்களுக்குத் தெரிந்திருந்தது. திருப்புளிப் பிடியின் ஓசை காதிலேயே இருந்தது.

மாமி இந்த விவாதம் எதிலும் கலந்துகொள்ளவில்லை. ஆகஸ்டு மாதத்தில் முதலில் வந்தவர் ஒரு கல்லூரி மாணவர். கூரையைத் திறந்தார், மூடினார், முகம் மலர்ந்தது. கம்பளம் என்று ஒன்று இருப்பதாகவே அவர் எண்ணவில்லை. மச்சான் பேச வாயெடுக்கும் முன், வாசற்படியில் நின்ற மாமி தமிழில் மகனிடம் சொன்னார்: “கம்பளத்தைத் தூக்கிக் காட்டு. விலையைப் பிறகு பேசு.”

காட்டினோம். துருவையும் காட்டினோம். இருக்கைப் பட்டை பொருத்திய இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் அரிப்பு இருந்தால் எம்ஓடி சோதனையில் தேறாது, பட்டி பூசி மறைக்க முடியாது, தகடு வெட்டி முழுவதும் வெல்டிங் செய்ய வேண்டும் என்பதையும் சொன்னோம். அவர் நன்றி சொல்லிப் போய்விட்டார். இரண்டாவதாக வந்தவரும் போனார். மூன்றாவதாக வந்தவர் நடுத்தர வயது ஆங்கிலேயர். பண்ணைக் கருவிகளுக்கு வெல்டிங் செய்பவர். தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு, நாங்கள் எண்ணியிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கேட்டார். மச்சான் நால்வரையும் கேட்டு ஒப்புக்கொண்டார். கூரைச் செலவு போக மிச்சம் 32 பங்காயிற்று. உண்மை பேசிக் குறையை விளக்கினால் விற்பனையில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை மூத்த மகளின் கணவரே அன்று எங்களுக்கு அனுப்பினார். அதில் கோபமில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்த மார்ச் மாதம் அந்த வெல்டர் தொலைபேசியில் அழைத்தார். குறை சொல்ல அன்று. வேலை முடிந்தது, சோதனையில் தேறிவிட்டது என்று சொல்வதற்காக. பேச்சோடு பேச்சாக, பயணிப் பக்கத்துச் சில்லிலும் உட்தகடு அரித்திருந்தது, வெளித்தகட்டை வெட்டிய பிறகே தெரிந்தது, அதையும் செய்துவிட்டேன் என்றார்.

மச்சான் ஊர் ஆலிம் ஒருவரிடம் விளக்கம் கேட்டார். அறிந்து மறைப்பதுதான் பாவம், அறியாததற்குக் குற்றமில்லை. ஆனால் விற்கும்போதே இருந்த குறை விற்றவருக்குத் தெரியாமல் இருந்தாலும் குறைதான், வாங்கியவருக்கு அதில் உரிமை உண்டு, அவர் விட்டுக்கொடுத்தால் அது அவருடைய நன்மை என்றார் அவர். மச்சான் வெல்டரை அழைத்து, என்ன செலவாயிற்று என்று கேட்டார். அவருக்கு முதலில் விளங்கவில்லை. தாம் எதுவும் கேட்கவில்லையே என்றார். இரண்டாம் முறை விளக்கியபோது சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உழைப்பு தம் சொந்த வண்டிக்குச் செய்தது, அதற்குக் கணக்கில்லை. தகடும் வண்ணமும் மட்டும் 64 பவுண்டு ஆயிற்று, வேண்டுமானால் அதைத் தாருங்கள் என்றார்.

மச்சானின் பங்கு 28. மகள்களுக்கு ஆளுக்கு 14. கோலாலம்பூரிலிருந்து பணம் அன்றே வந்தது, சென்னையிலிருந்து இரண்டு நாள் கழித்து. இளைய மகளின் பங்கைத் தாமே போட்டுவிடுவதாக மச்சான் சொல்லியும் அவர் கேட்கவில்லை. மாமி தம் எட்டுப் பவுண்டை நாணயங்களாக எண்ணிச் சமையலறை மேசையில் வைத்தார்.